சிறு தீயில் பால்

"ரெண்டு பேருன்னுதானே சொன்னாங்க, அந்த மூணாவது அம்மா யாரு, சமையலுக்கா?" என்று எதிர் வீட்டுக் கம்பிக் கதவுக்குப் பின்னால் யாரோ யாரிடமோ கேட்டது காதில் விழுந்தபோது சௌந்தரவல்லி புது வீட்டுக்குள் வலது காலை வைத்துவிட்டிருந்தாள். இடது கால் இன்னும் வெளியில் இருந்தது. கையில் சாமி படம். ஒரு அடி பின்னால் குத்துவிளக்கை மார்போடு அணைத்துப் பிடித்தபடி அவள் நாத்தனார் ஞானாம்பாள். ஞானத்துக்குக் கேட்டிருக்குமா. விளக்கேற்றியாகிவிட்டது, படத்துக்குப் பூ வைத்தாகிவிட்டது, அடுப்பில் பால் கூட ஏறிவிட்டது, ஆனாலும் சௌந்தரத்தின் மனம் அந்த வாசற்படியிலேயே ஒரு காலை வைத்துக்கொண்டு நின்றது. கேட்டிருக்குமா. ஞானத்துக்குப் பாம்புக் காது. உறையூர் வீட்டில் கூடத்தில் உட்கார்ந்துகொண்டே கொல்லைக் குழாய் சொட்டுகிறது என்று சொல்வாள். ஆனால் இந்த ஒரு வருஷமாக இடது காது கொஞ்சம் மந்தம். டிவியை அண்ணன் சத்தமாக வைப்பது தனக்காகத்தான் என்று அவளுக்கே தெரியாது. எதிர் வீடு எந்தப் பக்கம்? லிஃப்டிலிருந்து வந்தால் இடது பக்கம். அப்படியானால் கேட்டிருக்காது. ஆனால் அப்போது உள்ளே நுழையத் திரும்பியாகிவிட்டதே, திரும்பினால் எதிர் வீடு முதுகுக்குப் பின்னால். முதுகுக்கு ஏது இடதும் வலதும். கேட்டிருந்தால் முகம் மாறியிருக்கும். ஞானத்தின் முகத்தைத் திரும்பிப் பார்த்திருக்க வேண்டும், பார்க்கவில்லை. ஒரு வாரமாகவே பார்க்கவில்லை. காபி வாங்கும்போது டம்ளரைப் பார்த்தாள், பூ வாங்கும்போது பூவைப் பார்த்தாள். இப்போதும் சமையலறை வாசலில் சாய்ந்து நின்றுகொண்டு அவள் பார்ப்பது ஞானத்தின் முதுகைத்தான். மேடைக்கு முன்னால் கரண்டியோடு நிற்கிற அந்த மெலிந்த முதுகு, ரவிக்கைக்கு மேலே தெரிகிற கழுத்தெலும்பு, காதோரம் நரைத்த முடிக்குள் ஒதுங்கியிருக்கிற கொஞ்சம் கனகாம்பரம்.

"பத்தரைக்குள்ள பொங்கிரணும்மா," என்றார் சௌந்தரத்தின் கணவர் நமச்சிவாயம், மறுபடியும் கூடத்திலிருந்து. பிரிக்காத அட்டைப் பெட்டிகளுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் அவர் உட்கார்ந்திருந்தார். போனில் திசைகாட்டியைத் திறந்து கிழக்கு எது என்று பார்த்து, பால் அந்தப் பக்கம் வழிய வேண்டும் என்று பாத்திரத்துக்கு அடியில் ஒரு சில்லறைக் காசைச் செருகிச் சாய்த்து வைத்தது அவர்தான். "போன்ல சொல்ற கிழக்கும் சூரியன் சொல்ற கிழக்கும் ஒண்ணாண்ணே?" என்று கேட்டிருந்தாள் ஞானம். "ஒண்ணுதான். இது சேட்டிலைட் வழியா வருது." "அப்ப சூரியனை விட மேலருந்து வருது." இப்படித்தான் அவர்கள் இரண்டு பேரும், எப்போதும். பத்தரைக்கு ராகுகாலம் ஆரம்பம். அதற்குள் பால் பொங்க வேண்டும். அது மட்டும் என்றால் அவர் இரண்டு முறை சொல்லியிருக்க மாட்டார். அதற்குள் கார் வர வேண்டும், கார் கிளம்பவும் வேண்டும். ராகுகாலத்தில் யாரையும் எங்கும் அனுப்பி இந்த வீட்டில் பழக்கமில்லை. மருமகனை ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும் என்று பதறி வந்த பக்கத்து வீட்டு அம்மாளையே பத்து நிமிஷம் உட்காரவைத்து மோர் கொடுத்த குடும்பம். இன்றைக்கு இரண்டையும் ஒன்றாக முடிச்சுப் போட்டது அவர்தான், பஞ்சாங்கத்தை மடியில் வைத்துக்கொண்டு. முதலில் பால், வீட்டுப் பெண் கையால் காய்ச்ச வேண்டும் என்பதால். பிறகு வெற்றிலை பாக்கோடு சேலை. பிறகு கார். எல்லாம் பத்தரைக்குள். "ஞானம் இல்லாம பால் காய்ச்சினா அது வீடா?" என்று அவரே சொன்னார், சொல்லிவிட்டு அடுத்த வாக்கியத்திலேயே டிரைவரின் நம்பரைக் கேட்டார். மனிதர்கள் இப்படி அடுத்தடுத்து இரண்டு வாக்கியம் எப்படிச் சொல்கிறார்கள் என்று சௌந்தரத்துக்குத் திகைப்பாக இருந்தது. ஆனால் அந்த நம்பரை எடுத்துக் கொடுத்தது அவள்தானே.

கார் லால்குடிக்குப் போகிறது. லால்குடி தாண்டி வாய்க்கால் கரையில் ஒரு முதியோர் இல்லம். நல்ல இடம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். மகன் குமரகுரு பூனாவிலிருந்து அதற்காகவே வந்து பார்த்துவிட்டுப் போனான். தனி அறை, வேப்ப மரம், வாரம் ஒரு டாக்டர், காலையில் தேவாரம் கூட உண்டாம். அத்தைக்குப் பிடிக்கும்மா, என்றான். பிடிக்கும் என்று சொன்னபோது அவன் அவளைப் பார்க்காமல் சாப்பாட்டு மேஜையின் ஓரத்தை நகத்தால் சுரண்டினான். சின்ன வயதில் மார்க் குறைந்தால் அப்படித்தான் சுரண்டுவான். அப்போதும் ஓடிப்போய் ஒளிந்துகொண்டது அத்தையின் முந்தானைக்குள். இன்னும் ஞானத்திடம் யாரும் சொல்லவில்லை. "நீங்க சொல்லுங்க, உங்க தங்கச்சி." "பொம்பளைக்குப் பொம்பளை நீ சொன்னாத்தான் பதமா இருக்கும் சௌந்தரம்." "நான் சொன்னா நான் விரட்டினதா ஆகும்." "நான் சொன்னா மட்டும் என்ன ஆகும்?" விளக்கை அணைத்த பிறகு தலையணைக்குத் தலையணை இப்படி. அடுத்த அறையில் ஞானம் இருமினால் இரண்டு பேரும் சட்டென்று பேச்சை நிறுத்திவிடுவார்கள். ஒவ்வொரு நாளும் நாளைக்கு என்றாயிற்று. நேற்று என்பதும் நாளையாகத்தான் இருந்தது. இன்றைக்கு இனி நாளை இல்லை, பால் பொங்குவதற்குள் சொல்லியாக வேண்டும். சொல்லத்தான் அவள் இந்த வாசலில் வந்து நிற்கிறாள். ஞானம், உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். அப்படி ஆரம்பிக்கலாம். ஞானம், குரு உனக்கு ஒரு ஏற்பாடு பண்ணியிருக்கான். ஏற்பாடு என்ற சொல் சரியில்லை, பந்தல்காரனுக்கும் சமையல்காரனுக்கும் சொல்கிற சொல். சமையலுக்கா என்று கேட்டாளே அந்தப் பெண். யார் அவள், முகம் தெரியவில்லை, கம்பிக் கதவில் கட்டங்கட்டமாக ஒரு நைட்டியின் பூ மட்டும் தெரிந்தது. தினமும் பார்க்க வேண்டிய முகம் இனி. பார்க்கும்போதெல்லாம் இது ஞாபகம் வரும்.

பால் இன்னும் அசையவில்லை. வெள்ளையாக, தட்டையாக, புதிதாக வெள்ளையடித்த சுவர் மாதிரி. பெயின்ட் வாசனை தொண்டையில் கசந்தது. சின்ன அடுக்களை, இரண்டு எட்டில் முடிந்துவிடும். எட்டிப் பிடித்தால் அலமாரி, திரும்பினால் குழாய். இதைத்தான் அவள் கேட்டாள். இதை யாரும் சொல்வதில்லை. வீடு பெரிதாக இருக்கிறது, மாடிப்படி முட்டியைக் கேட்கிறது, பெருக்க ஆள் வருவதில்லை என்று சொன்னதெல்லாம் நிஜம்தான், ஆனால் இரண்டு படுக்கையறை வீடும் இதே மாடியில் காலியாகத்தான் இருந்தது. கட்டியவனின் ஆள் இரண்டு சாவியையும் எடுத்துக்கொண்டு வந்தான். அவள்தான் இதன் வாசலில் நின்று ஒரு ரூம் போதும் என்றாள். நமச்சிவாயம் அவளை ஒரு தடவை பார்த்தார், பிறகு காற்றோட்டம் நன்றாக இருக்கிறது என்று ஜன்னலைத் திறந்து மூடினார். அதோடு முடிந்தது, ஒரு மனுஷியின் மீதி வாழ்க்கை. அப்படி முடியும் என்று அவள் நினைத்தாளா? நினைக்கவில்லை. நினைக்காமலா சொன்னாய்? அவளுக்கு வேண்டியிருந்தது ஒரு அடுப்பு. தன் அடுப்பு. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் காதில் கருவியை மாட்டிக்கொண்டு ஊர் ஊராக இணைப்புக் கொடுத்துவிட்டு ஷிஃப்ட் முடிந்து வந்தால் சோறு தயாராக இருக்கும், குழம்பு தயாராக இருக்கும், குழந்தை குளித்துப் பவுடர் பூசி அத்தை மடியில் இருக்கும். எல்லோரும் சொன்னார்கள், கொடுத்து வைத்தவள். கொடுத்து வைத்தவள் ஞாயிற்றுக்கிழமை ஆசையாக ஒரு ரசம் வைத்தால், பின்னாலேயே வந்து மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் ஒரு சிட்டிகை உப்புப் போட்டுவிட்டுப் போவாள் ஞானம். ஒன்றும் சொல்லாமல். அதுதான். ஏதாவது சொல்லியிருந்தால் சண்டை போட்டிருக்கலாம். "அண்ணனுக்குக் கத்தரிக்கா ஆகாது அண்ணி." "அண்ணனுக்கு ரெண்டாவது தோசை முறுகலா இருக்கணும்." ஒரு ஆளோடு கல்யாணம் ஆகி அந்த ஆளைப் பற்றி இன்னொருத்தியிடம் கேட்டுத் தெரிந்துகொள்கிற மாதிரி. கிழவியாகியாவது ஒரு அடுப்பு, ஒரு கரண்டி, உப்புக் கூடினாலும் குறைந்தாலும் தன்னுடையது என்று இருக்க வேண்டும் என்று நினைத்தது தப்பா. தப்பா என்று யாரைக் கேட்பது. கேட்கிறதானால் ஞானத்தைத்தான் கேட்க வேண்டும், அவளுக்குத்தான் எல்லாம் தெரியும்.

சாமான் ஒதுக்கிய நாட்களிலும் அப்படித்தான். ஞானம் ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துக்கொண்டு வந்து முன்னால் நிற்பாள். "இது வருதா அண்ணி?" பெரிய இட்லிக் கொப்பரை. வரல. "இது?" குருவின் சைக்கிள், துருப்பிடித்தது. வரல. "இது வருதா?" மாவரைக்கும் கிரைண்டர், சின்னது. வருது. நாலு ஆள் தூக்க வேண்டிய இரும்பு பீரோவின் சாவி, காது உடைந்த ஜாடி, எக்ஸ்சேஞ்சில் கொடுத்த சுவர்க் கடிகாரம். வருது, வரல, வரல. ஒரு நாள் முழுக்க அந்தக் குரல், சலிப்பும் இல்லை கோபமும் இல்லை, ரேஷன் கடையில் கேட்கிற மாதிரி. சௌந்தரம் அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த தடவை கையில் ஒன்றும் இல்லாமல் வந்து நிற்பாளோ, நின்று அதே குரலில் கேட்பாளோ என்று. கேட்கவில்லை. தன்னுடைய அறையை மட்டும் ஞானம் யாரையும் கேட்காமல் தானே ஒழித்தாள். எங்கே எதைக் கட்டினாள், எதில் போட்டாள் என்று யாரும் பார்க்கவில்லை. காலையில் வேனில் சாமான் ஏற்றும்போதுதான் பார்த்தாள், எந்தப் பெட்டியிலும் ஞானத்தின் பெயர் இல்லை. கருநீலத்தில் ஒரு ஜிப் பை மட்டும் அவள் தோளில். அதன் வாயில் பாலிதீன் உறையில் சுற்றிய ஈரத் துண்டு, கடைசியாகக் குளித்தவள் அவள்தான், கொடியை அவிழ்த்துவிட்டார்கள், காயப்போட இடமில்லை. அந்தப் பை இப்போது வாசல் கதவுக்குப் பின்னால் இருக்கிறது. உள்ளே கொண்டு வரவில்லை. மற்ற எல்லாம் கூடத்தில், அது மட்டும் கதவுக்குப் பின்னால், போகிற ஆளின் பை மாதிரி. ஏன் அங்கே வைத்தாள்? இடைஞ்சலாக இருக்கக்கூடாது என்று வைத்திருப்பாள். அப்படித்தான் இருக்கும். வேறு எப்படி இருக்கும்.

இந்த வீட்டில் எல்லாம் இரண்டு. குளியலறைக் கதவில் இரண்டு கொக்கி. சுவரோரம் மடக்கு மேஜை, அதற்கு இரண்டு பக்கம். பால்கனியில் இரண்டு நாற்காலிக்கு இடம், மூன்றாவது போட்டால் கதவு சாத்தாது. சாவி கொடுத்த ஆள் சிரித்துக்கொண்டே சொன்னான், "ரெண்டு பேருக்குன்னே அளந்து கட்டினதும்மா, சிங்கப்பூர்ல எல்லாம் இப்படித்தான்." வந்ததும் வராததுமாகச் சௌந்தரம் கொண்டு வந்த துண்டுகளில் தன்னுடையதை ஒரு கொக்கியிலும் அவருடையதை இன்னொன்றிலும் மாட்டினாள். இன்றைக்கு மத்தியானம் அவரும் அவளும் அந்த மடக்கு மேஜையில் சாப்பிடுவார்கள். என்ன பேசுவார்கள்? இதை அவள் இதுவரை யோசித்ததில்லை. இத்தனை வருஷம் பேசிய பேச்சை எல்லாம் கூட்டிப் பார்த்தால் பாதிக்கு மேல் ஞானத்தின் வழியாகப் பேசியது. அண்ணன் கேக்கறார் அண்ணி. அண்ணி சொல்றாங்கண்ணே. எக்ஸ்சேஞ்ச் மாதிரி நடுவில் உட்கார்ந்து இணைப்புக் கொடுத்துக்கொண்டிருந்தவள் ஞானம். அவளை எடுத்துவிட்டால் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஹலோ ஹலோ என்றுகொண்டு இரண்டு பேர். அவர் முந்திக்கொண்டால் ஒருத்தி. அப்புறம் குரு வருவான், மேஜை ஓரத்தைச் சுரண்டுவான். நல்ல இடம்மா, வேப்ப மரம் இருக்கு. யாரோ ஒருத்தி வாசலில் நின்று ஒரு ரூம் போதும் என்பாள். தண்ணீர் குடிக்க வேண்டும் போலிருந்தது. தண்ணீர் எந்தப் பெட்டியில் இருக்கிறது, சொம்பு எந்தப் பெட்டியில். ஞானத்தைக் கேட்டால் தெரியும்.

கூடத்தில் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, பழம், ஒரு அரக்குச் சேலை. நாத்தனாருக்கு வைக்க வேண்டிய மரியாதை. குருவுக்குக் காது குத்தியபோது, உறையூர் வீடு கட்டிப் பால் காய்ச்சியபோது, ஒவ்வொரு தடவையும் வாங்கிக்கொண்டு ஞானம் நாலு எட்டு நடந்து அடுத்த அறை பீரோவில் வைத்துவிட்டு வந்து பந்தி பரிமாறுவாள். "பொறந்த வீட்டுச் சீரோட புகுந்த வீட்டுக்குப் போய்ட்டு வந்துட்டேன்," என்று அவளே சிரிப்பாள். அவளுக்கு ஜாதகம் ஒன்று பொருந்தி வந்து, அந்த வீட்டில் ஒரு சாவு விழுந்து, நின்று போய், பிறகு யாரும் பேச்செடுக்காமலே விட்டுப் போனது. சௌந்தரத்தின் கல்யாணத்தில் ஞானத்துக்குப் பதினெட்டு வயது. அவர் தாலியில் முதல் முடிச்சுப் போட்டார், மற்ற இரண்டையும் நாத்தனார் போட வேண்டும் என்று பின்னால் நின்றவள் கை நடுங்கி, கழுத்து முடியையும் சேர்த்து முடிச்சுப் போட்டுவிட்டாள். சுரீர் என்றது. சபையில் கத்த முடியுமா. மாலை வரைக்கும் தலையைத் திருப்பும்போதெல்லாம் இழுத்தது. பிறகு தனியாக இருந்தபோது ஞானம் வந்து, "வலிக்குதா அண்ணி, நான் அவுத்துப் போடட்டுமா?" என்றாள். நாத்தனார் போட்ட முடிச்சை அவிழ்க்கக் கூடாது என்று அவளுக்குத் தெரியவில்லை, அவ்வளவு சின்னப் பெண். சௌந்தரம் வேண்டாம் என்றாள். கயிறு மாற்றுகிற வரைக்கும் அந்த முடி அங்கேதான் இருந்தது. இப்போதும் கழுத்தின் பின்னால் அந்த இடத்தில் குறுகுறுவென்கிறது. கையைக் கொண்டு போய்த் தடவிக்கொண்டாள்.

"என்னம்மா, இன்னுமா ஆகல?" அவர் குரல் கொஞ்சம் உயர்ந்திருந்தது. "பத்தாகப் போகுது." ஆகல அண்ணே, என்றாள் ஞானம், திரும்பாமல். அப்போதுதான் சௌந்தரம் அடுப்பைப் பார்த்தாள். பாலையே பார்த்துக்கொண்டிருந்தவள் அடுப்பைப் பார்க்கவில்லை. தீ சின்னதாக இருந்தது. நீலமாக, பொட்டு பொட்டாக, பாத்திரத்தின் அடியை நக்கிக்கொண்டு. சிம். ஞானத்துக்குச் சிம் என்று ஒன்று இருப்பதே தெரியாது. எதையும் கொழுந்துவிட எரியவைத்துத்தான் அவளுக்குப் பழக்கம், உறையூர் வீட்டில் அடி கருகாத பால் பாத்திரம் கிடையாது. பத்தரைக்கு ராகுகாலம். இந்தத் தீயில் இந்தப் பால் பத்தரைக்குள் பொங்காது. பொங்கவில்லை என்றால் சேலை கொடுக்க முடியாது, கார் கிளம்ப முடியாது. பன்னிரண்டு வரைக்கும் யாரும் எங்கும் போக முடியாது. அப்புறம் சாப்பாட்டு நேரம் வந்துவிடும். தெரியுமா. எப்போதிலிருந்து. இது வருதா அண்ணி, இது வருதா அண்ணி என்று கேட்டபோதே தெரியுமா. "அடுப்பு சிம்ல இருக்கு ஞானம்," என்றாள். தன் குரல் வேறு யாருடையதோ போல இருந்தது. "ஏத்தி வெச்சா அடி பிடிக்கும்னு இத்தனை வருஷமா நீங்கதானே சொல்றீங்க," என்றாள் ஞானம். பிறகு பாலைக் கரண்டியால் ஒரு தடவை கலக்கிவிட்டு, "வண்டி பத்தேகாலுக்கா அண்ணி?" என்று கேட்டாள். அதே ரேஷன் கடைக் குரல்.

"குரு போன் பண்ணினான், போன வாரம்," என்றாள் ஞானம். "ஒரே அழுகை. நான்தான் சமாதானம் சொன்னேன். அம்மா அப்பாகிட்ட சொல்லிராதே அத்தைன்னான். சரிடான்னேன். நீங்க எப்ப சொல்றீங்கன்னுதான் பாத்துட்டே இருந்தேன். அண்ணன் சொல்ல மாட்டாரு, அவரு பல் வலியையே என்கிட்ட சொல்லி, நான் சொல்லித்தான் உங்களுக்குத் தெரிய வரும்." கரண்டியை மேடையில் வைத்தாள். "பாத்ரூம்ல ரெண்டு கொக்கிதான் இருக்கு, முதல்ல அதைத்தான் பாத்தேன். எதிர் வீட்டம்மா சமையலுக்கான்னு கேட்டா இல்ல? ஆமான்னு சொல்லியிருக்கலாம். சம்பளமாச்சும் கேட்டிருப்பேன்." சொல்லிவிட்டுச் சிரிக்கப் பார்த்தாள், இருமலாக வந்தது. கை அடுப்பின் குமிழுக்குப் போயிற்று. கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது. பிறகு திருகினாள், முழுசாக. தீ குப்பென்று எழுந்து பாத்திரத்தின் பக்கவாட்டில் ஏறியது. பால் விளிம்பில் முதலில் சின்னச் சின்னக் குமிழ், பிறகு நடுவில் ஒரு சுருக்கம், பிறகு மொத்தமாக மூச்சு இழுத்த மாதிரி எழும்பியது. "அண்ணே, வாங்க, பொங்குது," என்றாள். அவர் ஓடி வந்து கை கூப்பினார். பால் காசு வைத்துச் சாய்த்த பக்கமாக வழிந்து பாத்திரத்தில் பூசியிருந்த மஞ்சளைக் கரைத்துக்கொண்டு மேடையில் ஓடியது. "கிழக்கதான் போகுது," என்றார். கண் கலங்கியிருந்தது. அவர் கையிலிருந்த போன் அடித்தது. டிரைவர். அவர் எடுக்கவில்லை, போனைப் பார்த்தார், தங்கையைப் பார்க்காமல் சௌந்தரத்தைப் பார்த்தார். ஞானம் அடுப்பை அணைத்துவிட்டு, பிடிதுணியைத் தேடி, கிடைக்காமல், தன் முந்தானையாலேயே மேடையைத் துடைக்க ஆரம்பித்தாள்.

சௌந்தரம் கூடத்துக்கு வந்தாள். தாம்பாளத்தைக் கடந்து போனாள். வாசல் கதவைத் தள்ளி அதன் பின்னால் இருந்த கருநீலப் பையை எடுத்தாள், கனமாக இல்லை. எதிர் வீட்டுக் கம்பிக் கதவுக்குள் பூப்போட்ட நைட்டி நின்றுகொண்டிருந்தது. "என் நாத்தனார்," என்றாள் அதைப் பார்த்து. போன் அடித்து ஓய்ந்து மறுபடி அடித்தது. பையைப் படுக்கையறைக் கட்டிலின் மேல் வைத்து ஜிப்பைத் திறந்தாள், பாலிதீன் உறையிலிருந்து ஈரத் துண்டை உருவினாள், குளியலறைக்குப் போய், கதவில் தொங்கிய தன் துண்டின் மேலேயே அதை உதறி விரித்து மாட்டினாள்.